மேகத்துக்குள் கணக்கு எழுதியவர்கள்

1881 ஜூன் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை, கிளெமென்ட் ராக் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து தினமும் பென் நெவிஸ் மலையின் உச்சிக்கு ஏறி இறங்கினார். பிரிட்டனிலேயே உயரமான மலை அது, 1345 மீட்டர். நம் குன்னூரே அதைவிட உயரமாயிற்றே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஃபோர்ட் வில்லியம் கடலோர ஊர், அதனால் அத்தனை உயரத்தையும் காலால்தான் கடக்க வேண்டும். உச்சியில் காற்றழுத்தம், வெப்பம், ஈரம், மேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு இறங்குவார். அதே மணிக்குக் கடலோரத்தில் அவர் மனைவி லியோனோரா அதே அளவுகளை எடுத்து வைப்பார். மறு வருஷம் ஸ்காட்டிஷ் வானிலைச் சங்கம் ராக்குக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. என்னைக் கேட்டால் அதைப் பாதியாக வெட்டி லியோனோராவுக்கும் கொடுத்திருக்க வேண்டும். கீழே எடுத்த அளவு இல்லையென்றால் மேலே எடுத்த அளவை எதோடு ஒப்பிடுவது?

இப்படி உரிமையோடு பேச எனக்குக் காரணம் உண்டு. நான் வானிலைத் துறையில் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காலை எட்டரை மணிக்கு வெள்ளைப் பெட்டியைத் திறந்து, உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் படித்து, மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பாக இருந்தது. காற்று நுழையும்படி சாய்வுச் சட்டங்கள் அடித்த அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் ஸ்கிரீன் என்று பெயர். வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. கிளாஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெட்டியின் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. மகள் அங்கே ஒரு மலைநடைக் கழகத்தில் உறுப்பினர். அவர்களோடு நடந்தும் அவர்கள் படிப்பதைப் படித்தும் எனக்கு ஒரு தீர்மானம் ஏற்பட்டுவிட்டது. மலையில் உயிரைக் காப்பாற்றுகிற அறிவில் சாகசக்காரர்களின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு, சலிக்காமல் கணக்கு எழுதியவர்களுடையது.

ராக் கொண்டுவந்த அளவுகளைக் காட்டிப் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1883 அக்டோபரில் பென் நெவிஸ் உச்சியில் ஓர் ஆய்வகம் திறந்தார்கள். சாமான் ஏற்ற அப்போது போட்ட குதிரைப் பாதையில்தான் இன்றும் சுற்றுலாக்காரர்கள் ஏறுகிறார்கள். ஆய்வகத்தின் மேற்பார்வையாளர் வேலை ராக்குக்குக் கிடைக்கவில்லை. மனிதர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், குவீன்ஸ்லாந்தின் வானிலை அதிகாரியாகி, புயல்களுக்கு ஆட்களின் பெயரை வைக்க ஆரம்பித்தார். தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களையும் அதில் சேர்த்தார். நம் வங்கக் கடல் புயல்களுக்கு 2004இல்தான் பெயர் சூட்டத் தொடங்கினோம். தானே, வர்தா, கஜா என்று நாம் புயல்களைப் பெயர் சொல்லித் திட்டும் வழக்கத்துக்கு மூதாதை இந்த நெவிஸ் மலைக்காரர்தான்.

ஆய்வகத்தில் 1904 வரை மணிக்கொரு தரம், இரவும் பகலும், அளவு எடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுப்பதே என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அங்கே குளிர்காலத்தில் பனி குவிந்து வாசல் மூடிவிடும். கூரைக்கு மேலே எழுப்பிய கோபுரம் வழியாக வெளியேறுவார்கள். மேகத்தின் ஈரம் வெப்பமானியிலும் பெட்டியிலும் பட்டு உறைந்துவிடும். காற்றளவி சுழலாமல் நின்றுவிடும். அப்போது பார்வையாளர் வெளியே போய் நின்று, காற்று தன்னை எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்து ஓர் எண்ணைப் போடுவார். விடுப்பில் போகும் ஆட்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாகச் சிலர் வருவதுண்டு. 1894 செப்டம்பரில் அப்படி வந்த சி.டி.ஆர். வில்சன், மேகத்தின் மேல் விழுந்த தன் நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டார். அதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்கப் போய் மேக அறையைக் கண்டுபிடித்து, 1927இல் நோபல் பரிசு வாங்கினார். இது என் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் தற்காலிகப் பார்வையாளர் ஒருவர் நோபல் வாங்கினார் என்பதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது.

அந்த ரெஜிஸ்டர்கள் சொன்னது இதுதான். உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பம் உறைநிலைக்குச் சற்றுக் கீழே. மழையும் பனியுமாக வருஷத்துக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர். அடிவாரத்து ஃபோர்ட் வில்லியமில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சென்னை நுங்கம்பாக்கத்தின் சராசரி 1400ஐ ஒட்டியது என்றால் கணக்குப் புரியும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் உச்சி மூடுபனிக்குள் இருக்கிறது. நல்ல பருவமென்று எல்லோரும் கிளம்பும் மே, ஜூனிலும் பாதி நேரத்துக்கு மேல் அப்படித்தான். 1890இல் ஃபோர்ட் வில்லியமிலும் ஓர் ஆய்வகம் வைத்து, லியோனோரா செய்ததையே முறையாகச் செய்தார்கள். கீழே நின்று வானத்தைப் பார்த்து மேலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லக் கூடாது. இந்தப் பாடத்துக்கு இரண்டு பத்தி எண்களால் சாட்சி கிடைத்தது. இன்றைக்கு மலைநடைக்காரர்கள் அடிவாரத்து ஊரின் வானிலையோடு நிறுத்திக்கொள்ளாமல், உச்சியின் காற்றையும் மேகத்தின் அடிமட்டத்தையும் தனியாகக் கேட்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நம்மவர்கள் சளைத்தவர்கள் அல்ல. தொட்டபெட்டாவில் 8640 அடி உயரத்தில் இருந்த வானிலைப் பங்களாவில் 1847-48இல் எடுத்த அளவுகள் சென்னையில் புத்தகமாகவே அச்சாகியிருக்கின்றன. நெவிஸ் ஆய்வகத்துக்கு முப்பத்தைந்து வருஷம் முந்தியது அது. நீலகிரிக்காரியான எனக்கே இது ஸ்காட்லாந்து போய்த்தான் தெரிந்தது.

நெவிஸ் ஆய்வகத்தை 1904இல் மூடினார்கள். காரணம் பணம், அரசு கொடுத்தது போதவில்லை. இடிந்த சுவர்கள் இன்னும் உச்சியில் நிற்கின்றன. 2017இல் ரெடிங் பல்கலைக்கழகத்தார் அழைக்க, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அந்தப் பழைய அளவுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இனி நடக்கிறவர்களின் கதைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து மலையேற்றக் கழகம் 1889இல் தொடங்கியது. அதன் உறுப்பினர் ஹ்யூ மன்ரோ, 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் பட்டியலை 1891இல் வெளியிட்டார். அதில் 283 உச்சிகள். இப்போதைய கணக்கு 282. அந்தப் பட்டியலை முழுக்க ஏறி முடிப்பதே பலருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் பட்டியலைவிடப் பெரிய காரியம் அடுத்த வருஷம் நடந்தது. அதே கழகத்தின் வில்லியம் நெய்ஸ்மித் ஒரே நாளில் மூன்று மலைகள் ஏறி வந்து எழுதிய சின்னக் குறிப்பில், போகிற போக்கில் ஒரு கணக்கைச் சொன்னார்: வரைபடத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னும் ஒரு மணி நேரம். இப்போதைய அளவில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி.

நெவிஸ் பாதையில் போட்டுப் பாருங்கள். ஒருவழி சுமார் எட்டு கிலோமீட்டர், ஏற்றம் 1300 மீட்டர். நடைக்கு ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேலே, ஏற்றத்துக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். ஆக, ஓய்வில்லாமல் நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. நல்ல காலுள்ளவர்களுக்கான கணக்கு இது. என் வயதுக்கு ஒன்றரையால் பெருக்குகிறேன். இறக்கத்தை நெய்ஸ்மித் தொடவில்லை. கிளென்மோர் லாட்ஜ் என்ற மலைப் பயிற்சி மையத்தின் முதல்வராக இருந்த எரிக் லாங்முயர் பின்னால் அதைச் சேர்த்தார்: மெதுவான சரிவில் 300 மீட்டர் இறங்கினால் பத்து நிமிஷம் கழி; செங்குத்துச் சரிவானால் பத்து நிமிஷம் கூட்டு. முழங்கால் தேய்ந்த எல்லோரும் இரண்டாவது பாதிக்குச் சாட்சி சொல்வோம்.

சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு என்று முதலில் நினைத்திருந்தேன். மகளின் கழகத்து மூத்தவர் ஒருவர் வேறு பயனைக் காட்டினார். மேகம் இறங்கி எதிரே இருப்பவரே மங்கலாகும்போது, தூரத்தை அளக்கக் கையில் இருக்கும் ஒரே கோல் கடிகாரம்தான். இந்த மேட்டிலிருந்து அந்த ஓடைக்கு 800 மீட்டர், ஏற்றமில்லை, அப்படியானால் பத்து நிமிஷம். பன்னிரண்டு நிமிஷமாகியும் ஓடை வரவில்லையா, நில். எங்கோ பிசகிவிட்டது. அதோடு அடிக் கணக்கும் சேரும். சமதரையில் நூறு மீட்டருக்கு இடது கால் எத்தனை முறை விழுகிறது என்று அவரவர் எண்ணித் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பலருக்கு அறுபதும் சொச்சமும். பனியில், ஏற்றத்தில், களைப்பில் அந்த எண் கூடும். எவ்வளவு கூடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நுணுக்கம் எதற்கு என்பவர்கள் நெவிஸ் உச்சியில் மூடுபனி நாளில் நின்று பார்க்கலாம். வந்த பாதை மேற்கே இறங்குகிறது. ஆனால் உச்சியிலிருந்து நேரே மேற்கே நடந்தால், வடக்குப் பாறைச் சுவரிலிருந்து உள்ளே வெட்டிவரும் கார்டிலூ பிளவில் விழலாம். ஆய்வகத்தார் குப்பை கொட்டிய பிளவு அது. அதற்குப் பயந்து அதிகமாக இடப்பக்கம் ஒதுங்கினால், ஐவிரல் பிளவு என்ற இன்னொரு செங்குத்துப் பள்ளம் காத்திருக்கிறது. அதனால் வரைபடத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்: உச்சித் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இரண்டு எண்களும் ஒரு தூரமும். 150 மீட்டரை எண்ணத் தெரியாதவருக்கு 231ஆல் பயனில்லை.

டிகிரி வேண்டுமானால் திசைகாட்டி வேண்டும். இன்று நடப்பவர்கள் கையிலிருக்கும் கண்ணாடி போன்ற அடித்தட்டுத் திசைகாட்டி 1930களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பிறந்தது. குன்னார் டில்லாண்டர் வடிவமைக்க, ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சில்வா என்ற பெயரில் விற்றார்கள். கோணமானியும் திசைகாட்டியும் ஒன்றானதால், தரையில் வரைபடத்தை விரித்து மண்டியிடாமல், நின்றபடியே திசை எடுக்க முடிந்தது. ஆனால் முள் காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்தின் கோடு காட்டுவது வேறு வடக்கு. 1970களில் ஸ்காட்லாந்தில் இரண்டுக்கும் ஏழெட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். எட்டு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பக்கவாட்டில் 140 மீட்டர் விலகிவிடுவோம். நெவிஸில் 140 மீட்டர் போதும். அதனால் வரைபடத்திலிருந்து எடுத்த கோணத்தோடு இத்தனை டிகிரி கூட்டு என்று மனப்பாடம் செய்வித்தார்கள். காந்த வடக்கு சும்மா இருக்குமா? மெல்லக் கிழக்கே நகர்ந்து, 2022 நவம்பரில் தென் இங்கிலாந்தின் லாங்டன் மெட்ராவர்ஸ் கிராமத்தில் உண்மை வடக்கு, காந்த வடக்கு, வரைபட வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் வந்தன. பிரிட்டிஷ் வரைபட வரலாற்றில் அது முதல் முறை. காந்த வடக்கு அந்தக் கோட்டைத் தாண்டிக் கிழக்கே போன இடங்களில் இனிக் கழிக்க வேண்டும். ஏன் கூட்டினோம் என்று தெரியாமல் கூட்டிப் பழகியவர்கள் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஸ்கை தீவின் கூலின் மலைகளில் பாறையே முள்ளை இழுக்கும். அங்கே திசைகாட்டியை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு.

வரைபடத்தின் கதை தனிப் புத்தகத்துக்கு ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1774இல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் ஷிஹாலியன் என்ற ஸ்காட்லாந்து மலையின் ஈர்ப்பால் தூக்குநூல் எவ்வளவு சாய்கிறது என்று அளந்தார். பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க. மலையின் கனஅளவைக் கணக்கிடும் வேலை கணித அறிஞர் சார்லஸ் ஹட்டனிடம் வந்தது. நூற்றுக்கணக்கான இடங்களின் உயரம் தாளில் சிதறிக் கிடக்க, சம உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். மலையின் உருவம் தாளில் எழுந்தது. மூடுபனியில் நம்மைப் பள்ளத்திலிருந்து தள்ளி நிறுத்துகிற சம உயரக் கோடு இப்படி ஒரு கணக்குப் பிள்ளையின் வேலைச் சுருக்கமாக வந்தது.

குளிரைப் பற்றிய அறிவு இவ்வளவு சாதுவாக வரவில்லை. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைகளில் 'ஃபோர் இன்ஸ்' என்ற நெடுநடைப் போட்டியில் மூன்று சாரண இளைஞர்கள் விறைத்து இறந்தார்கள். துருவப் பனி ஒன்றும் இல்லை, மழையும் காற்றும்தான். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் ஆய்வாளராகப் போயிருந்த கிரிஃபித் பியூ இந்த மரணங்களை ஆராய்ந்தார். ஆடை நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால் கதகதப்பைக் காக்கும் சக்தியில் பெரும்பகுதி போய்விடுகிறது என்று அளந்து காட்டினார். களைத்த உடம்பால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. நனைந்த பருத்தி மலையில் எதிரி என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். கூட வருகிறவர் தடுமாறுகிறாரா, பேச்சுக் குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா என்று கவனிக்கச் சொல்கிறார்கள். கோபத்தை நோய்க்குறியாகப் பார்க்க மலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதே 1964இல் மலைத் தலைமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவது பெருகிவந்த காலம் அது. அழைத்துப் போகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் கனம் 1971 நவம்பரில் முழுதாகத் தெரிந்தது. கெய்ர்ன்கார்ம் பீடபூமிக்கு எடின்பரோ பள்ளி மாணவர்கள் இரண்டு குழுவாகப் போனார்கள். பனிப்புயல். ஒரு குழு பள்ளத்தாக்குக் குடிலை அடைந்தது. மற்றக் குழு, பீடபூமியின் மேலேயே இருந்த கரன் குடிலைக் குறிவைத்து நடந்தது. குடிலை எட்ட முடியவில்லை. திறந்த பனியில் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும் பதினெட்டு வயது உதவியாளர் ஒருவரும் இறந்தார்கள். குழுத் தலைவியும் ஒரு மாணவனும் பிழைத்தார்கள்.

1972 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. பள்ளிப் பயணங்களுக்கான தலைவர்களின் தகுதி, பருவம், பிள்ளைகளின் வயது எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நீண்ட சண்டை அந்த மேட்டுக் குடில்களைப் பற்றித்தான். குடில் இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள் ஒரு கட்சியார். குடில் இருப்பதால்தான் மோசமான வானிலையிலும் மேலே ஏறுகிறார்கள், பனி மூடினால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றார்கள் மறுகட்சியார். கடைசியில் 1975இல் கரன் குடிலை இடித்து அகற்றினார்கள். நான் இரண்டாம் கட்சி. வரைபடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் புயலில் மனம் அதை நோக்கியே போகும். திரும்பி இறங்குவோம் என்ற யோசனை அந்தப் புள்ளியில் அடிபட்டுவிடும்.

மீட்பின் வரலாற்றிலும் கணக்கு உண்டு. ஆபத்துக் குறியாக நிமிஷத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு, பதிலுக்கு மூன்று. 1894இல் மலையேறி கிளின்டன் டென்ட் முன்வைத்த இந்த முறை இன்றும் அப்படியே இருக்கிறது. 1928இல் இங்கிலாந்தின் லாடோ பாறையில் விழுந்த ஒருவரை வலி நிவாரணி எதுவுமில்லாமல் மணிக்கணக்காகச் சுமந்து வந்ததில் அவர் காலை இழந்தார். மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, மீட்புக் குழுக்களிடம் மார்ஃபின் இருக்க வேண்டும் என்று அரசிடம் கேட்டுச் சலித்து, சட்டத்தை மீறித் தானே கொடுத்தார். 1949இல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அதன் பிறகே அனுமதி கிடைத்தது. அபராதம் விதித்ததில் எனக்கு வருத்தமில்லை. மார்ஃபினின் தேவை பதிவில் ஏறியதே அவ்வழியில்தானே.

இவ்வளவும் அச்சில் இருக்கிறது. இருந்தாலும் கழகத்தார் வெயில் காயும் தெளிந்த நாளிலும் ஒத்திகை பார்க்கிறார்கள். அரை மணிக்கொரு தரம் மகள் திரும்பி, "அம்மா, இப்போ நாம எங்க இருக்கோம், காட்டு" என்பாள். விரலை வைக்கக் கூடாது. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர், விரல் முழு மலையை மறைத்துவிடும். புல் நுனியால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளிர்காலத்துக்கு முன்னால் ராத்திரியில் ஒரு நடை, தலைவிளக்கோடு. பத்து வருஷம் நடந்தவர்களும் இதற்கு வருகிறார்கள். செய்யாமல் விட்ட வருஷம் கை தயங்குகிறது என்கிறார்கள். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், நனைந்த கையுறைக்குத் திரை கேட்காது. நாம் நிற்கும் இடத்தை அது சொல்லும். திரும்ப வேண்டிய மணியை நாம்தான் காலையில் எழுதிவைத்துக் கிளம்ப வேண்டும்.

நெய்ஸ்மித்தின் கணக்கு குளிர்ந்த ஸ்காட்லாந்தில் போட்டது. பங்குனி வெயிலில் பருவதமலைக்கோ, ராத்திரி வெள்ளியங்கிரிக்கோ, சதுரகிரிக்கோ அது அப்படியே செல்லாது. அங்கெல்லாம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்பட்ட நேரம், ஒவ்வொரு மேடும் முடிந்த நேரம், குடித்த தண்ணீர், அடித்த காற்று, இறங்கிய நேரம், கூட வந்தவர்களின் வயது இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதன் நகலை உங்கள் ஊர் மலையேற்றக் குழுவிடமும் வனத்துறையிடமும் கொடுங்கள். போதுமான நோட்டுகள் சேர்ந்தால் நம் மலைகளுக்கான கணக்கை நாமே போட்டுவிடலாம்.